கரைச் செய்தி கடலுக்கு எட்டுமா?

ஒருவர் சொல்வது மற்றவருக்கு எவ்வளவு தொலைவு வரை எட்டும்? உரக்கக் கூவினால் சில நூறு மீட்டர் எட்டும். தேவாலய மணியோ கோயில் முரசோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும். நெடுங்காலமாக இவையே ஓர் ஊரின் செய்தி எல்லைகளாக இருந்தன. தந்தியும் வானொலியும் வந்து அந்த எல்லையை விரித்தன. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு சென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. இன்று நாகர்கோவில் சந்தையில் மீன் விற்கும் அம்மையார், வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

இதையெல்லாம் காணும்போது, உலகில் எந்தச் செய்தியும் எவருக்கும் நொடியில் எட்டிவிடும் என்று எண்ணத் தோன்றுகிறது. அது உண்மைதானா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம். செய்தித் தொழில்நுட்பம் மனித வாழ்வை எவ்வாறு மாற்றுகிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதை இக்கரை தெளிவாகக் காட்டுகிறது.

மலையும் விண்மீனும்

கட்டுமரத்தில் சென்ற பழைய தலைமுறையினர் கரையிலுள்ள மலைமுகடுகளையும் தேவாலயக் கோபுரங்களையும் அடையாளமாக வைத்துக் கடலில் தாம் இருக்கும் இடத்தைக் கணித்தனர். ஒரு முகடும் ஒரு கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் அது ஒரு கோடு. வேறு இரண்டு அடையாளங்கள் மற்றொரு கோட்டைத் தரும். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே மீன் நிறைந்த பாறையின் இடம். நாம் பள்ளியில் படிக்கும் வடிவியல்தான் இது. காற்றின் திசையையும் 'நீவாடு' என்னும் நீரோட்டத்தையும் இரவில் விண்மீன்களையும் அவர்கள் படித்தறிந்தனர். இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே சென்றது.

இன்று செயற்கைக்கோள்களின் துணையால் இடங்காட்டும் கருவி அந்தப் புள்ளியை எண்களாகச் சேமித்து வைக்கிறது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அது வேலை செய்யும். இதனால் படகுகள் மிகத் தொலைவு சென்றன. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களின் மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடிக் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் செல்கின்றனர். வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகின்றனர். ஆக, கருவி வந்ததும் வேலை எளிதாயிற்று என்பதோடு கதை முடியவில்லை. வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் காலம் நீண்டது. படகின் விலையும் கடனும் ஏறின. பாதிரியாரும் பெண்களும் முதியோரும் மட்டுமே ஊரில் இருக்கும் நாட்கள் பெருகின.

மீன்சந்தையில் செல்பேசி

செல்பேசி மீனவர் வாழ்வை மாற்றியதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று பக்கத்துக் கேரளத்தில் உண்டு. 1997 ஜனவரி 14ஆம் நாள் காலை வடகரைக் கரையில் 11 மீனவர்கள் தம் மத்தி மீனை வாங்க ஆளின்றிக் கொட்டிவிட்டுத் திரும்பினர். (மத்தியை நாங்கள் சாளை என்போம்.) அதே நேரத்தில் 15 கி.மீ. தொலைவுக்குள் இருந்த வேறு இரு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றனர். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை.

அவ்வாண்டு முதல் 2001 வரை வட கேரளக் கரையோரத்தில் செல்பேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. அதன் விளைவை ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினர். கரைக்குக் கரை விலை வேறுபாடு குறைந்தது. மீன் வீணாவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. மீனவரின் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் விலையோ 4 விழுக்காடு குறைந்தது.

அப்படியானால் செல்பேசி எல்லா மீனவரையும் விடுவித்துவிட்டதா? ஜானகி சீனிவாசன், ஜென்னா பரெல் என்ற இரு ஆய்வாளர்கள் கேரள மீனவரிடையே மீண்டும் சென்று பார்த்து 2013இல் தம் ஆய்வை வெளியிட்டனர். முன்பணம் வாங்கி ஏலக்காரருக்குக் கடன்பட்டவர்கள், வேறு கரையில் விலை கூடுதல் என்று தெரிந்தாலும் அங்கே விற்க இயலவில்லை. செய்தி கையில் இருந்தும் அதன்படி நடக்க உரிமை இல்லை. ஒரு கருவி ஒரு சமுதாயத்தில் என்ன செய்யும் என்பதில் அச்சமுதாயத்தின் கடன், உறவு, அதிகாரம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

அலை எங்கே நிற்கிறது?

இனி நம் இயற்பியலுக்கு வருவோம். வட கேரளக் கோபுரங்களின் சேவை கடலில் 20 முதல் 25 கி.மீ. வரைதான் எட்டியது. ஏன்?

முட்டத்துக் கலங்கரை விளக்கத்தை 1875இல் கட்டியபோது அதைக் கடலோரக் குன்றின் மேல் எழுப்பியதற்கு என்ன காரணமோ, அதுவே இதற்கும் காரணம். பூமி உருண்டையானது. செல்பேசி பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை. தொடுவானத்துக்கு அப்பால் கடல்நீரின் வளைவே அவற்றை மறைத்துவிடும்.

இத்தொலைவைப் பித்தாகரஸ் தேற்றத்தால் நீங்களே கணக்கிடலாம். பூமியின் ஆரத்தை 6,400 கி.மீ. என்று கொண்டால், கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால் ரேடியோ அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது. ஆகவே அதற்கு 3.57க்குப் பதில் 4.12 என்று கொள்ள வேண்டும்.

கோபுரம் 49 மீட்டர் உயரம் எனில் 7 × 4.12 = ஏறத்தாழ 29 கி.மீ. படகில் 4 மீட்டர் உயரத்தில் கருவி இருந்தால் 2 × 4.12 = ஏறத்தாழ 8 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 37 கி.மீ. இதுவே மிகுதியான எல்லை. அலையின் வலிமை குறைவது, படகு ஆடுவது ஆகியவற்றால் நடைமுறையில் இன்னும் குறையும்.

மற்றொரு தடையும் உண்டு. இரண்டாம் தலைமுறைச் செல்பேசி முறையில், கருவியின் விடை கோபுரத்துக்குத் திரும்பி வர ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 233 பங்கு வரையே கால தாமதம் அனுமதிக்கப்பட்டது. அந்த நேரத்தில் ரேடியோ அலை சுமார் 70 கி.மீ. செல்லும். போகவும் வரவும் ஆன தொலைவு அது. ஆகவே எல்லை 35 கி.மீ.தான்.

படகுகளில் உள்ள வயர்லெஸ் கருவிக்கும் இதே விதிதான். 9 மீட்டர் உயர ஏரியல் கொண்ட இரண்டு படகுகள் சுமார் 25 கி.மீ. இடைவெளி வரை பேசிக்கொள்ளலாம். சில நாட்களில் கடலை ஒட்டிய ஈரக்காற்று அலைகளைக் குழாய்போல் ஏந்திச் சென்று நெடுந்தொலைவில் சேர்ப்பதும் உண்டு. ஆனால் உயிரை அதற்கு ஒப்படைக்க முடியாது.

ஒக்கிப் புயல்

2017 நவம்பர் 29ஆம் நாள் காலை இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் காலையே அது புயலாகிக் குமரிக் கடலுக்கு வந்துவிட்டது. டிசம்பர் 1ஆம் நாள் மிகத் தீவிரப் புயலாகி அரபிக்கடலில் நகர்ந்தது. 'கண்' என்று பொருள்படும் 'ஒக்கி' என்ற பெயரை அதற்கு வழங்கியது வங்காளதேசம்.

தூத்தூர் வட்டாரப் படகுகளோ பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் இருந்தவர் கையில் செல்பேசி இருந்தது. இணையத்தில் புயலின் படம் நகர்ந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி ஓயாமல் பேசியது. ஆனால் மேலே கண்ட 37 கி.மீ.க்கு அப்பால் இருந்த படகுக்கு அவற்றில் ஒரு சொல்லையும் அனுப்ப வழியில்லை. குமரி மாவட்டமும் கேரளத்தின் தென்கரையும் மீனவர்களைப் பெருமளவில் இழந்தன. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிப் பிழைத்தவர்களின் வீட்டாரும் செய்திக்காக நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. மின்காந்த அலையின் எல்லை என்று நாம் பாடத்தில் படிப்பது அந்த வீடுகளில் இழவு ஓலமாகக் கேட்டது.

வானத்தில் ஒரு கோபுரம்

கோபுரத்தின் உயரத்தைக் கூட்டினால் எல்லை விரியும் என்று கண்டோம். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும் செயற்கைக்கோள் மிக உயர்ந்த ஒரு கோபுரம் போன்றது. பூமிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் பார்வையில் இருக்கும். கரையிலிருந்து புறப்படும் செய்தி மேலே சென்று படகுக்கு இறங்க ஏறத்தாழ கால் நொடிதான் ஆகும்.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னறிவிப்புகளை அளிக்க, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வெளியிடப்பட்டது. அது செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் பெற்று அருகிலுள்ள செல்பேசியில் காட்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து திரும்பிப் பேச இயலாது. ஆபத்தில் இருக்கிறோம் என்று படகு சொல்லவும், கேட்டோம் என்று கரை பதில் கூறவும் உதவும் இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியை இஸ்ரோ 2024 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இருவழிச் செய்திக் கருவிகளை நாடெங்கும் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. 'கேட்டோம்' என்ற ஒரு சொல் திரும்பி வருவது சிறிதாகத் தோன்றலாம். அலையில் தத்தளிப்பவனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

கடைசிச் சில அடிகள்

அலை எட்டிவிட்டால் போதுமா? இதற்கும் எங்கள் மாவட்டத்திலேயே விடை உண்டு.

2024 மே 6ஆம் நாள் கணபதிபுரம் கடற்கரைக்கு வந்த பயிற்சி மருத்துவ மாணவர் ஐவரைக் கடலலை இழுத்துச் சென்றது. அது 'கள்ளக்கடல்' நேரம். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இராது, மழையும் இராது. கடல் திடீரென ஏறும். திருடனைப் போல் வருவதால் அப்பெயர். அலை வந்துசேரப் பல நாள் ஆவதால் அதை முன்கூட்டியே கணிக்க முடியும். அப்போதும் கடல்சார் தகவல் சேவை மையம் கணித்து எச்சரித்திருந்தது. ஒக்கியில் படகுகள் இருந்தது கோபுரங்களுக்கு எட்டாத தொலைவில். இங்கோ கோபுரங்கள் அருகிலேயே இருந்தன, எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. ஆனாலும் உயிர்கள் போயின.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றைப் புதுச்சேரியில் காண்கிறோம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே சில ஊர்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, மீனவருக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை சொன்னார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து அதன் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,600க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர்.

இங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்குங்கள். கடல் கடந்து வந்த செய்தி ஒரு கம்பத்து ஒலிபெருக்கியில் முடிந்தது. அந்த ஒலிபெருக்கியை மக்கள் நம்பினர். ஏனெனில் அது அன்றாடம் அவர்களுக்கு உண்மை சொல்லிப் பழகியிருந்தது. நம்பிக்கையை ஒரே நாளில் நிறுவ முடியாது.

நாம் செய்யக்கூடியவை

2023இல் நாட்டின் பல பகுதிகளில் செல்பேசிகள் ஒரே நேரத்தில் உரக்க ஒலித்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கருவிகளுக்கும், எண் தெரியாமலே செய்தி அனுப்பும் முறையின் சோதனை அது. கணபதிபுரம் போன்ற இடங்களுக்கு இம்முறை பொருத்தமானது. ஆயினும் வெளியூர்ப் பயணிக்கு 'கள்ளக்கடல்' என்ற சொல்லே புதிது. 'அலை திடீரென ஏறும். நீரில் கால் வைக்காதே' என்று எளிய சொற்களில் கடற்கரைப் பலகையில் எழுதி வைப்பதும், அருகில் கடை வைத்திருப்பவர் எடுத்துச் சொல்வதும் அந்த ஒலியோடு சேர வேண்டும்.

மாணவ நண்பர்களே, என் வகுப்பில் கடலோர ஊர்ப் பிள்ளைகளும் நாஞ்சில் நாட்டு வயலோர ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். அவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியையே உங்களுக்கும் தருகிறேன். உங்கள் ஊர்க் கோபுரத்தின் உயரத்தைக் கேட்டறிந்து அதன் எல்லையைக் கணக்கிடுங்கள். அந்த எல்லைக்கு அப்பால் வேலைக்குச் செல்வோர் உங்கள் ஊரில் யார் யார் என்று விசாரியுங்கள். எச்சரிக்கை வந்தால் உங்கள் தெருவில் செல்பேசி இல்லாத மூதாட்டிக்கு அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்றும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். முதற்கணக்குக்கு வர்க்கமூலம் தெரிந்தால் போதும். மற்ற இரண்டுக்கும் அக்கம்பக்கத்தாரைத் தெரிந்திருக்க வேண்டும்.