மலையேற்றத்தில் சைக்கிள் திறன்மானியைச் சோதித்தல்

சைக்கிள் ஓட்டுபவர் செலுத்தும் திறனை ஓட்டத்தின்போதே வாட் கணக்கில் காட்டும் கருவி திறன்மானி எனப்படும். ஜெர்மானியப் பொறியியலாளர் உல்ரிச் ஷோபெரர் 1986ஆம் ஆண்டில் இதனைக் கிராங்கினுள் அமைத்து வெளியிட்டார். இன்று பெடலிலும், கிராங்கிலும், பின்சக்கரத்தின் ஹப்பிலும் பொருத்தத்தக்க பலவகைக் கருவிகள் கிடைக்கின்றன. போட்டிக்குப் பயிலும் இளைஞர்களின் பயிற்சி முழுவதும் இக்கருவி காட்டும் எண்ணைக் கொண்டே வகுக்கப்படுவதுண்டு. கருவி 5 சதவீதம் கூட்டிக் காட்டுமாயின், அவ்விளைஞன் தன் ஆற்றலைத் தவறாக மதிப்பிடுவான். பிறகு சரியான கருவிக்கு மாறினால், அவன் தளர்ந்துவிட்டான் என்று பயிற்சியாளர் முடிவு கட்டவும் கூடும். ஆகவே கருவியைச் சோதித்தறிவது வீண் வேலையன்று.

கருவி திறனை நேரே அளப்பதில்லை. பெடலை மிதிக்கும்போது உலோகம் மிகச் சிறிதளவு வளைகிறது. அதில் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழை நீண்டு, அதன் மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து முறுக்கு விசை கணிக்கப்படுகிறது. முறுக்கு விசையைக் கிராங்கு சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதத்துக்குள்ளான பிழையே உண்டு என்று கூறுகின்றனர். இக்கூற்றைச் சோதிக்கச் சமவெளி உதவாது. அங்கே வேகமாகச் செல்பவரின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. காற்றுத் தடையை எளிதில் அளக்கவும் இயலாது. மலையிலோ பெரும்பங்கு உழைப்பு எடையை உயர்த்துவதற்கே செல்கிறது. அதனை அறியத் தராசும், நிலப்படமும், கடிகாரமும் போதும்.

பிரான்சு நாட்டிலுள்ள ஆல்ப் துயேஸ் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 21 கொண்டை வளைவுகளுடைய இப்பாதை 13.8 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயர்கிறது. சைக்கிளோடு சேர்த்து 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இதனைச் சரியாக ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்க. எடை 80, புவியீர்ப்பு 9.8, உயரம் 1,100 ஆகியவற்றைப் பெருக்கி 3,600 விநாடிகளால் வகுத்தால் 240 வாட் கிடைக்கும். டயர் உருளும் தடைக்குச் சுமார் 15 வாட்டும், காற்றில்லா நாளில் காற்றுத் தடைக்குச் சுமார் 12 வாட்டும் கூட்டுக. செயினில் இழக்கப்படும் இரண்டு மூன்று சதவீதத்தையும் சேர்த்தால், பெடலில் செலுத்த வேண்டியது ஏறத்தாழ 274 வாட். இது ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். இதில் 240 வாட் ஐயத்துக்கு இடமில்லாதது. மதிப்பீடாகச் சேர்த்தவை 34 வாட் மட்டுமே.

ஆயினும் இந்த எளிய கணக்கை அளவுக்கு மீறி நம்புதல் கூடாது. விநாடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள மெல்லிய எதிர்க்காற்று வீசினால் மேற்கண்ட 12 வாட் 28 ஆகிவிடும். அதாவது, இலையசையும் அளவுள்ள காற்றே 6 சதவீத வேறுபாட்டை உண்டாக்குகிறது. இது சோதிக்க வந்த பிழையைவிடப் பெரிது. கொண்டை வளைவுகள் மிகுந்த பாதையில் இவ்விளைவு ஓரளவு ஈடாகும் எனினும், காற்று அடங்கிய விடியற்காலையும் செங்குத்தான பாதையுமே சோதனைக்கு ஏற்றவை. எடையிலும் கவனம் வேண்டும். காலணி, தலைக்கவசம், தண்ணீர்ப் புட்டி இவற்றை மறந்து ஒரு கிலோகிராம் விட்டுப்போனால், முக்கியப் பகுதியில் 1.25 சதவீதம் தவறும்.

உயரத்தை எங்கிருந்து பெறுவது? கைக்கருவிகள் செயற்கைக்கோள்வழிக் காட்டும் உயரம் நம்பத்தக்கதன்று. காற்றழுத்தமானி காட்டும் உயரமோ வானிலை மாறினால் தானும் மாறும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு நிலப்படங்களில் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். கோடுகளுக்கிடையே கண்ணளவாகக் கணிப்பதில் 10 மீட்டர் பிழை நேர்வதாகக் கொண்டால், 1,000 மீட்டர் ஏற்றத்தில் அது 1 சதவீதம். 100 மீட்டர்க் குன்றிலோ 10 சதவீதம். சிறு குன்றில் சோதனை செய்ய விரும்பும் ஆசிரியர் மட்டக்கருவி கொண்டு உயரத்தைத் தாமே அளந்துகொள்வது நலம்.

கணக்கும் கருவியும் மாறுபட்டால் பிழையின் வகையை அறிய வேண்டும். ஒருவகைப் பிழை எப்போதும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டும். மற்றொன்று சுழிப்பிழை, சுமையில்லாதபோதும் கருவி ஓர் அளவைக் காட்டுவதால் வருவது. சுழிப்பிழை 2 நியூட்டன்-மீட்டர் எனில், நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்கையில் 10 வாட்டும், 100 சுற்று மிதிக்கையில் 21 வாட்டும் மிகையாகும். எனவே அதே மலையை அதே நேரத்தில், ஒருமுறை கடினமான கியரிலும் மறுமுறை இலகுவான கியரிலும் ஏறிப் பார்த்தால், இரு பிழைகளும் பிரிந்து தெரியும். அடிவாரத்தில் வெயிலும் உச்சியில் குளிருமாக இருக்கும்போது சுழி நகரக்கூடும். ஆதலின் புறப்படுமுன்னும் ஏறி முடித்த பின்னும் சுழியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

விகிதப் பிழையை வகுப்பறையிலேயே காணலாம். முறுக்கு விசையை நேரே காட்டும் வசதி கருவியில் இருப்பின், பின்சக்கரத்தைப் பிரேக்கால் இறுக்கி, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, பெடலின் அச்சில் 20 கிலோகிராம் படிக்கல்லைத் தொங்கவிடுக. 170 மில்லிமீட்டர் கிராங்குக்குக் கருவி 33.3 நியூட்டன்-மீட்டர் காட்ட வேண்டும். நெம்புகோல் பாடத்துக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

இடக்கிராங்கை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மலிவான கருவிகள் இச்சோதனையில் தேறிவிடும், மலையில் தவறும். இடக்கால் 52 பங்கும் வலக்கால் 48 பங்கும் உழைக்குமாயின், அவை 4 சதவீதம் மிகையாகக் காட்டும். மாறாக, பெடலிலும் ஹப்பிலும் இரு கருவிகளைப் பொருத்தியவர் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது கண்டு மகிழ வேண்டியதில்லை. இடையே செயின் இருப்பதால் ஹப்பின் கருவி இரண்டு மூன்று சதவீதம் குறைவாகவே காட்ட வேண்டும்.