மன்னார்க் கடலின் முள்ளந்தண்டிலிகள்: வகைப்பாடும் தேவையும்

உயிர்களை மனிதன் வகுக்கும் முறையில், எத்தேவையோடு அவற்றை அணுகினான் என்பதும் பதிவாகின்றது. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிராகக் கொண்டது. அதன் அளவுகோல் புலனறிவு. தற்கால விலங்கியலின் அளவுகோல் உடலமைப்பும் பரிணாம உறவுமாகும்.

மன்னார்க் கடலுயிர்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்கலாம். கடற்பஞ்சு உறுப்புகளற்றது, நுண்டுளைகள் வழியே நீரை ஈர்த்து உணவை வடித்தெடுக்கிறது. சொறியும் முருகைக்கல்லை ஆக்கும் உயிரும் குழியுடலிகள். இவற்றின் குடற்குழிக்கு ஒரே வாயில், உடல் அதனைச் சுற்றி ஆரைச் சமச்சீராக அமைந்தது. முத்துச்சிப்பியோ மெல்லுடலி. அதன் இரு ஓடுகளையும் முத்தையும் சுரப்பது மென்மூடியின் கலங்களே.

1891ஆம் ஆண்டின் பின் முத்துக்குளிப்பு நடைபெறாது வருவாய் தடைப்படவே, குடியேற்ற அரசு 1902இல் ஹேர்ட்மனை வரவழைத்தது. 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவரது அறிக்கையில் கடற்பஞ்சுகளும் முருகைகளும் விரிவாக இடம்பெற்றன. சிப்பியோட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு சிப்பியின் பகையாக ஆராயப்பட்டது. இலாபத் தேவை அறிவியலை வளர்த்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும், உயிரினப் பெயர்கள் சிலவற்றில் ஹேர்ட்மனின் பெயர் நிலைபெற்றது. மூச்சடக்கிக் கடலடியை அறிந்த சுழியோடிகளின் பெயர்களோ மறைந்தன. அவ்வுழைப்பாளர் வழிவந்தோரிடம் வழங்கும் கடலுயிர்ப் பெயர்களைத் தொகுத்தல் தமிழாய்வின் கடனாகும்.