பாட்டு இருக்கு... திறக்கத்தான் முடியலை!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அரசாங்கப் பெயர் குபேர் அங்காடி. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் டிரைவர் ஒரு நிமிடம் யோசிப்பார். பூக்கடை வரிசையும், மீன்கடைச் சத்தமும், நடுவே நிற்கும் மணிக்கூண்டுமாக ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் பெரிய மார்க்கெட்தான்.

அந்தப் பூக்கடை வரிசையில் ஒருவருக்கு இரண்டு தொழில். விடியும் முன்பே வந்து கடை விரிப்பது ஒன்று. ஒரு காலத்தில் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாண ரிசப்ஷன் என்று மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தது இன்னொன்று. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் குழுவின் பாடகர் அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர். 2006-ல் இருவரும் சேர்ந்து ஆறு பாட்டுகளைச் சொந்தமாக மெட்டுப் போட்டு, வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்தார்கள். ஜன்னலுக்குப் பாயைக் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடிய பாட்டுகள்.

சிநேகிதர் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். இப்போது அவருடைய மகளுக்குக் கல்யாணம். "மாமா, ரிசப்ஷன்ல அப்பா பாடின பாட்டு ஒண்ணு வேணும். ஆனா கையில இருக்கற எம்.பி.3-ல உங்க கீபோர்டுதான் கேக்குது, அப்பா குரலே கேக்கல. குரலை மட்டும் தனியா எடுக்க முடியுமா?"

அன்றைக்குக் கலவை செய்தவர் இவர்தான். கீபோர்டுக்காரர் கலவை செய்தால் கீபோர்டு எங்கே நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். அது உயிர் பிழைக்கவில்லை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பூப்பையில் போட்டுக்கொண்டு, நேரு வீதியை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் இளைஞரிடம் போனார்.

பட்டையான கேபிள் மாட்டும் அந்தக் காலத்து டிஸ்க் அது. அடாப்டர் தேடிப்பிடித்து மாட்டியதும் ஓடிவிட்டது. பாட்டின் பெயரில் ஃபோல்டர் இருந்தது. உள்ளே புராஜெக்ட் ஃபைலும் இருந்தது. ஆனால், அதை உருவாக்கிய சாஃப்ட்வேர் இன்றைய விண்டோஸில் ஏறவே இல்லை. அதே கம்பெனியின் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்தால், ஃபைலைத் தொட்டதும் 'இந்தக் கருவியைக் காணோம், அந்த எஃபெக்டைக் காணோம்' என்று வரிசையாக அறிவித்துவிட்டு நின்றுபோனது. அதற்கொரு காரணமும் இருக்கிறது. 2006-ல் வீட்டில் பாட்டுப் பதிவு செய்த பலரையும்போல இவரும் காப்பி சி.டி. வாங்கித்தான் சாஃப்ட்வேர் போட்டிருந்தார். அன்று மிச்சம் பிடித்தது லாபமாகத்தான் தெரிந்தது. லைசென்ஸும் இல்லை, பதிவு செய்த மின்னஞ்சலும் இல்லை என்பதால் இன்று கம்பெனியிடம் போய், 'என் பழைய பதிப்பைக் கொடுங்கள்' என்று கேட்க வாயில்லை.

ஆனால், காசு கொடுத்து வாங்கியவர்களும் நிம்மதியாக இல்லை. இசைப்பதிவு சாஃப்ட்வேர்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இது புரியும்.

ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' ஸ்டூடியோவை அமைத்தார். வீட்டிலிருந்தே உலகத்தரமான ஒலியைக் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது. அவர் பயன்படுத்துவது 'லாஜிக்' என்று தெரிந்ததும் அதைத் தேடி ஓடியவர்கள் உண்டு. அந்த லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மனியின் ஈமேஜிக் கம்பெனியை 2002 ஜூலையில் ஆப்பிள் வாங்கியது. வாங்கிய கையோடு விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. மேக் வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள் ஒன்று மேக் வாங்க வேண்டும், இல்லையென்றால் வேறு சாஃப்ட்வேருக்கு மாற வேண்டும். பாதியில் இருந்த பாட்டுகள் பாதியிலேயே நின்றன.

'கேக்வாக்' கதை இதைவிட நீளம். 1987-ல் அமெரிக்காவில் பிறந்த சாஃப்ட்வேர். கை மாறி மாறி கிதார் கம்பெனியான கிப்சனிடம் வந்து சேர்ந்தது. 2017 நவம்பரில் கிப்சன், 'இனி இதை உருவாக்கப்போவதில்லை' என்று அறிவித்தது. முப்பது வருடப் பாட்டுகளை அதில் சேர்த்து வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். சில மாதங்களிலேயே சிங்கப்பூரின் பேண்ட்லேப் கம்பெனி அதை வாங்கி, 2018-ல் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அந்த இலவசப் பதிப்பையும் ஓரங்கட்டிவிட்டு, 'சோனார்' என்ற பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறது. இத்தனை கை மாறியும் பழைய கேக்வாக் ஃபைல்கள் இன்றைய பதிப்பில் பெரும்பாலும் திறக்கின்றன என்பதுதான் ஆறுதல். முதலாளி மாறலாம். பழைய கணக்கு நோட்டைப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை கடையிலேயே இருந்தால் போதும்.

சாவியால் வரும் சங்கடம் தனி. கியூபேஸ் சாஃப்ட்வேரைப் பல வருடங்கள் யு.எஸ்.பி. சாவி ஒன்றைச் செருகினால்தான் திறக்க முடியும். தயாரிப்பாளரான ஸ்டெயின்பெர்க் புதிய முறைக்கு மாறியதும், பழைய சாவிக்கான இணையச் சேவையை 2025 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. சாவியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் லைசென்ஸ் தொடர்ந்து வேலை செய்யும். சாவி உடைந்தாலோ தொலைந்தாலோதான் சிக்கல்.

சாஃப்ட்வேர் சரியாக இருந்து, அதற்குள் செருகும் பிளக்-இன் காலை வாரிவிடுவதும் உண்டு. பழைய பிளக்-இன்கள் பலவும் 32-பிட் காலத்தவை. 2019 அக்டோபரில் வந்த மேக் கேட்டலினா, 32-பிட் புரோகிராம்கள் அத்தனையையும் ஒரே நாளில் வெளியே நிறுத்தியது. கியூபேஸ் 2016-ன் கடைசியிலேயே 32-பிட் பிளக்-இன்களைக் கைவிட்டது. பாட்டு திறக்கும், வீணை ஒலி மட்டும் வராது. எந்த வீணை என்று நினைவிருந்தாலும் அதைச் செய்த சின்னக் கம்பெனி இப்போது இருக்காது.

எல்லா சாஃப்ட்வேரும் இப்படியில்லை. 'ரீப்பர்' சாஃப்ட்வேரின் புராஜெக்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எந்தப் பதிவு எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது என்று எழுத்தாகவே இருக்கும். பழைய பதிப்புகளையும் அவர்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். 32-பிட் பிளக்-இன்களையும் தனியாகப் பாலம் போட்டு ஓட்டும். இலவசமான 'ஆடாசிட்டி'யில் வேறு மாதிரி ஆபத்து இருந்தது. 2021-க்கு முன்பு அதில் சேமித்தால் ஒரு சின்ன புராஜெக்ட் ஃபைலும், பக்கத்தில் ஒரு டேட்டா ஃபோல்டரும் உருவாகும். ஒலி முழுக்க ஃபோல்டரில்தான் இருக்கும். அது தெரியாமல் சின்ன ஃபைலை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால், பாத்திரத்தை வைத்துவிட்டு மூடியை மட்டும் எடுத்துப்போன கதைதான். மூன்றாவது பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கிறது. பழைய ஃபைல்களையும், அந்த ஃபோல்டர் கூடவே இருந்தால், திறந்து கொடுக்கிறது.

இனி சந்துக் கடைக்குத் திரும்புவோம். இளைஞர் முதலில் கையில் எடுத்தது இந்தக் காலத்து வித்தை. கலந்துபோன பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் ஏ.ஐ. கருவி. 2023 நவம்பரில் பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' பாட்டு வெளியானது இந்த வழியில்தான். ஜான் லெனன் வீட்டில் கேசட்டில் பதிவு செய்திருந்த குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் ஊரில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டுக்கு, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார். பூக்கடைக்காரரின் எம்.பி.3-யிலும் குரல் பிரிந்து வந்தது. ஆனால், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் வந்தது. சிறிதாகச் சுருக்கப்பட்ட எம்.பி.3, அதன்மேல் கீபோர்டின் ஆதிக்கம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"இது அவன் குரல் இல்ல தம்பி" என்றார் அவர்.

இளைஞர் திரும்பவும் ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தார். புராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் 'ஆடியோ' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் நூற்றுச் சொச்சம் வேவ் ஃபைல்கள். பெயரெல்லாம் வெறும் எண்கள். ஒன்றை அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம், பிறகு பல்லவி. பூக்கடைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"பூ அப்படியே இருக்குண்ணே. கட்டின நாருதான் அறுந்துபோச்சு" என்றார் இளைஞர்.

சரியாகச் சொன்னார். புராஜெக்ட் ஃபைல் என்பது எந்தத் துண்டு எங்கே வரவேண்டும், எவ்வளவு சத்தத்தில் வரவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. பாடிய குரல் வேவ் ஃபைலில் கிடக்கிறது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991-ல் கொண்டுவந்த அந்த ஃபைல் வகையை இன்று எந்த போனும் எந்த கம்ப்யூட்டரும் திறக்கும். 1997-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அதிலேயே, 'இந்தத் துண்டு இத்தனையாவது விநாடிக்குரியது' என்ற முத்திரையையும் சேர்க்க வழி செய்தார்கள். அந்த முத்திரை இருந்தால் ஒரே சொடுக்கில் எல்லாத் துண்டும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இவருடைய ஃபைல்களில் அது இல்லை. ஆகவே எம்.பி.3-ஐ மேல் வரிசையில் போட்டு, ஒவ்வொரு துண்டையும் கீழே வைத்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தினார்கள். எந்தத் துண்டு கடைசியாக எடுத்தது, எதை வேண்டாம் என்று ஒதுக்கினோம் என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். "இது இல்ல, இதுல சரணம் முடியறப்ப மூச்சு வாங்கிட்டான். அடுத்தது போடு." பகல் வியாபாரம் முடிந்து நான்கு ராத்திரிகள் பிடித்தது, ஒரு பாட்டுக்கு.

அவருடைய கீபோர்டு பகுதிகள் மட்டும் வரவில்லை. அவை ஒலியாகப் பதிவாகவே இல்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார் என்ற மிடி குறிப்பாக, திறக்காத புராஜெக்ட் ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டன. அன்றே தனி மிடி ஃபைலாக எடுத்து வைத்திருந்தால், 1988-லிருந்து மாறாத பொது வடிவம் அது, இன்றும் திறந்திருக்கும். இளைஞர் அதற்காக வருத்தப்பட்டார். இவர் படவில்லை. "அது போனா போவுது தம்பி. கீபோர்டை நான் திரும்ப வாசிச்சுக்கறேன். அவன் திரும்பப் பாட மாட்டான்ல."

பெரிய மார்க்கெட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வரும். அங்கே பாதுகாக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2005-ல் இடம்பெற்றன. ஓலையைப் பூச்சி அரிக்கும் என்பதால், அரிப்பதற்கு முன்பே புது ஓலையில் படியெடுத்தார்கள் அந்தக் காலத்தில். ஓலை பிழைத்தாலும் கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஹார்ட் டிஸ்க் விஷயமும் கிட்டத்தட்ட இதே இரண்டு கவலைகள்தான். ஓலை நூறு வருடம் தாங்கும். டிஸ்க்குக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

பாட்டியின் தாலாட்டையோ, பிள்ளையின் முதல் கீர்த்தனையையோ வீட்டில் பதிவு செய்கிறவர்கள் செய்யவேண்டிய வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. பாட்டு முடிந்த அன்றே, சாஃப்ட்வேர் நன்றாகத் திறந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்துவிட வேண்டும். எல்லாமே பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே நீளமாக இருக்கட்டும். குரல் இரண்டாவது நிமிடத்தில் வந்தாலும் அதற்கு முந்தைய மௌனத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிறகு எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். பெயர் 'குரல்', 'தபேலா' என்றே இருக்கட்டும். தாளவேகம், சுருதிக் கட்டை, பாடியவர், தேதி எல்லாவற்றையும் ஒரு சின்னக் குறிப்பில் எழுதிக் கூடவே வைக்கலாம். சி.டி. தரத்தில் ஒரு டிராக் நிமிடத்துக்கு சுமார் 5 எம்.பி. பன்னிரண்டு டிராக் உள்ள நான்கு நிமிடப் பாட்டு 250 எம்.பி.யில் அடங்கிவிடும். கல்யாண வீடியோவுக்கு ஒதுக்கும் இடத்தில் இது ஒரு மூலை. வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதாவது, திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அப்டேட் விஷயத்தில் கொஞ்சம் சோம்பேறியாக இருப்பதும் தப்பில்லை. பாதிப் பாட்டில் சிஸ்டத்தையோ சாஃப்ட்வேரையோ மாற்றாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட நினைப்பவர்கள், இணையத்தைத் துண்டித்துவிட்டு அதைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விற்பதாக இருந்தால் அதற்கு முன் பழைய புராஜெக்டுகளை அதில் ஒருமுறை திறந்து, டிராக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்கத் தெரிந்த கடைசி ஆள் அதுவாகவே இருக்கலாம்.

ரிசப்ஷனுக்கான பாட்டு தயாராகிவிட்டது. கீபோர்டைப் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார், இந்த முறை சத்தத்தைப் பாதியாகக் குறைத்து. தொடக்கத்தில் வரும் செருமலை இளைஞர் வெட்டப்போனார். மகள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மீதி ஐந்தில் மூன்று பாட்டுகளின் துண்டுகள் டிஸ்க்கில் இருக்கின்றன. இரண்டுக்கு எதுவுமே இல்லை. அன்றைக்கு இடம் போதாமல் அவற்றைச் சி.டி.யில் எழுதி எங்கேயோ வைத்ததாக அவருக்கு ஞாபகம். பரணில் இரண்டு அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. முகூர்த்த நாள் வியாபாரம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்.