உஷார்! தாளுக்குத் தீ வைக்காதீர்கள், சாரல் வரப் போகிறது

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் பிசான அறுப்பு முடிந்து கார் நடவுக்கு ஆள் தேடும் வரை வயல் சும்மா கிடக்கும். பயிரே இல்லாத வயலுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிடாதீர்கள். வருஷம் முழுக்க உரம் போட்டுச் சேர்த்த சத்தை நாம் கோட்டை விடுவது இந்த இடைவெளியில்தான்.

முதல் ஆபத்து தீக்குச்சி. எந்திரம் அறுத்த வயலில் நிற்கும் தாள் உழவுக்கு இடைஞ்சல் என்று கொளுத்துகிறோம். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 கிலோ தழைச்சத்தும் 20 கிலோவுக்கு மேல் சாம்பல்சத்தும் இருக்கின்றன. தீ வைத்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போகும், கந்தகத்தில் பாதி போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் கரிமம். அதுதான் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. அதை அவற்றின் கண் முன்னாலேயே எரித்துவிட்டு, பயிருக்கு மட்டும் மூட்டை மூட்டையாக யூரியா வாங்குகிறோம்.

கொளுத்தாதவர்கள் வைக்கோலைக் கட்டி விற்றுவிடுகிறார்கள். லாரி புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஏறுகிறது. விற்பதைக் குறை சொல்லவில்லை, அந்தக் காசு வேண்டியதுதான். ஆனால் அந்த வயலுக்குத் திரும்பி என்ன வந்தது? தொழுவத்தில் மாடு இருந்த காலத்தில் வைக்கோல் சாணமாகத் திரும்பி வந்தது. இன்று எதுவும் வருவதில்லை.

நல்ல மண் ஒரு கிராமில் 100 கோடி பாக்டீரியா வரை இருக்கும். பயிருக்குச் சத்தைப் பிரித்துக் கொடுப்பவை இவைதான். இலை தழையில் சிக்கியிருக்கும் தழைச்சத்தை வேர் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நுண்ணுயிர் அதைத் தின்று, தனக்குப் போக மிஞ்சியதை வெளியே விட்டால்தான் வேருக்குக் கிடைக்கும். புதிய இரை வராத வருஷங்களில் அவை மண்ணில் கிடக்கும் பழைய மக்கைத் தின்னும். மக்குக் குறைந்த மண்ணில் ஈரம் நிற்காது, போட்ட உரமும் நிற்காது.

இதைக் கேட்டுவிட்டு, நடவுக்கு முந்தின நாள் தாளை அப்படியே மடக்கி உழுதுவிட்டு நாற்றை நட்டுவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்று இரை அமைந்தால் நுண்ணுயிருக்குச் சரியாக இருக்கும். நெல் வைக்கோலிலோ கரிமம் 60 பங்குக்கும் மேல். பற்றாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். நட்ட பயிர் மஞ்சளாக நிற்கும், நாம் பதறிப்போய் யூரியாவை அள்ளி வீசுவோம். தேங்கிய தண்ணீருக்கடியில் தாள் அழுகினால் நச்சு வாயு கிளம்பி வேர் கறுக்கவும் செய்யும். ஈரம் இருக்கும்போதே, நடவுக்கு 3 வாரமாவது முன்னால், சாணிக்கரைசலோ கொஞ்சம் யூரியாவோ சேர்த்து மடக்கி உழுதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்தது சாரல். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். கென்யாவில் வேலை செய்த பர்ச் என்ற ஆய்வாளர் 1958இல் இதை விரிவாக எழுதினார். காய்ந்த மண் நனைந்த சில நாளிலேயே கரிமம் வேகமாக எரிந்து, தழைச்சத்து நைட்ரேட்டாக வெளியே வருகிறது. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கும் அதே நாட்களில் நம் வயலிலும் இது நடக்கும். அப்போது அதை எடுத்துக்கொள்ள வேர் ஏதும் இல்லாவிட்டால்? சிற்றாற்றுத் தண்ணீரைப் பாய்ச்சித் தொழி அடித்ததும் காற்றில்லாத சேற்றில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

நாம் போடும் யூரியாவிலும் ஒரு பகுதி இதே வழியில்தான் போகிறது. நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைப்பதால் நஷ்டம் உறைப்பதில்லை, அவ்வளவே.

மண்ணுக்கு இரை வேண்டும் என்பது புதிய பயமுறுத்தல் இல்லை. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரே மண்ணில், ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒரு பாத்திக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று நூறு வருஷத்துக்கு மேல் ஓடும் சோதனை அது. தொழுவுரம் கண்ட மண்ணில்தான் கரிமமும் நுண்ணுயிரும் கூடுதலாக நிற்கின்றன. தனித் தழைச்சத்தை மட்டும் நம்பிய பாத்தி தேறவில்லை. உரமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரை இல்லாத மண்ணில் உரத்தை மட்டும் கொட்டாதீர்கள் என்பதுதான் பேச்சு.

அந்த இரையை வயலிலேயே வளர்க்கலாம். கோடை மழை ஒன்று விழுந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். அதன் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். தண்டு முற்றவிட்டால் மக்க நாளாகும். ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறார்கள், வேளாண் விரிவாக்க மையத்தில் போய்க் கேளுங்கள். தக்கைப்பூண்டு தோதுப்படாத செவலில் கொழிஞ்சி வரும். கிடை போட ஆடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

உரக்கடையில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரம் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பவை உயிர்கள். வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட்டை வாங்காதீர்கள், பூஞ்சாணக்கொல்லியோடும் ரசாயன உரத்தோடும் கலக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். உரம் போடுவதற்கு முன், ஒரே வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வரப்போரமும் மர நிழலும் எருக்குழிப் பக்கமும் வேண்டாம். மண்வள அட்டை வந்ததும் தழை, மணி, சாம்பல் எண்களுக்கு முன்னால் அங்ககக் கரிமம் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இந்தக் காருக்கு யூரியா வாங்கும் காசில் ஒரு பங்கைத் தொழுவுரத்துக்கு ஒதுக்குங்கள்.