விசில் யார் கையில்?



போன மகளிர் தின விழாவில் தென்னேரியில் நடந்த கபடிப் போட்டி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு குழுக்களும் நன்றாகத்தான் ஆடின. ஆனால் நடுவராக நின்ற அண்ணன், "பொம்பளைங்க ஆட்டம்தானே" என்று சிரித்துக்கொண்டே விசில் ஊதினார். நேரத்தையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு புள்ளியில் தகராறு வந்தது. அதன்பிறகு அந்த இரண்டு குழுக்களும் ஒரு மாதம் வரை கூட்டமைப்புக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை.

"அடுத்த வருஷம் உங்களில் யார் விசில் பிடிக்கிறீங்க?" என்று நாங்கள் கேட்டோம். யாரும் தலை நிமிரவில்லை. தறி வேலை செய்யும் ஒரு அக்கா மட்டும் சொன்னார்: "ஆடச் சொன்னா ஆடறோம் மேடம். தீர்ப்பு சொன்னா, நாளைக்கு எதிர் வீட்டுல ஒரு குடம் தண்ணி கேக்க முடியாது."

அவர் சொன்னது நியாயமான பயம். இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. பெண்கள் விளையாட வந்துவிட்டார்கள், விசில் மட்டும் கைக்கு வர நாளாகிறது. குதிரைமேல் ஆடும் ஆட்டத்தை வைத்தே இதைப் பார்ப்போம்.

குதிரைமேல் ஒரு ஆட்டம்

குதிரை என்றால் நமக்கு அய்யனார் கோவில் குதிரைதான். ஆனால் குதிரைமேல் உட்கார்ந்து ஆடும் போலோ என்ற ஆட்டம் நம் நாட்டு ஆட்டம். மணிப்பூரில் வழிவழியாக ஆடிவந்த 'சகோல் காங்ஜெய்' என்ற ஆட்டத்தை வெள்ளைக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கத்துக்கு 4 பேர். நீண்ட கம்பு வைத்த மட்டையால், ஓடும் குதிரைமேல் இருந்தே பந்தை அடித்து கோல் போட வேண்டும். இம்பால் நகரில் உள்ள மாபல் காங்ஜெய்புங் மைதானம் உலகின் மிகப் பழைய போலோ மைதானங்களில் ஒன்று. அங்கே பெண்களும் ஆடுகிறார்கள். 2016 ஜனவரியில் பெண்களுக்கென்றே போட்டி நடந்தது. அமெரிக்கப் பெண்களும் வந்து ஆடினார்கள்.

அந்த அமெரிக்காவிலேயே பெண்களுக்கு இந்த ஆட்டம் சுலபமாகக் கிடைக்கவில்லை. சூ சாலி ஹேல் என்ற பெண் சுமார் 20 வருடம், முடியைத் தொப்பிக்குள் சொருகி, மீசை வரைந்துகொண்டு, ஆண் வேஷத்தில் ஆடினார். 1972இல்தான் அந்த நாட்டுப் போலோ சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது.

சரி, போலோவில் நடுவர் என்ன செய்கிறார்? 2 நடுவர்கள், அவர்களும் குதிரைமேல்தான். மைதானத்துக்கு வெளியே இன்னொருவர் இருப்பார். உள்ளே இருக்கும் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகாவிட்டால் வெளியே இருப்பவர் சொல்வதுதான் முடிவு. முக்கியமான விதி ஒன்று உண்டு. அடித்த பந்து போகிற பாதையில் முறைப்படி வருகிறவருக்கு முன்னால் இன்னொருவர் குறுக்கே குதிரையை விடக்கூடாது. வாலாஜாபாத் ரோட்டில் நேராக வரும் பஸ்சுக்கு முன்னால் சைக்கிளைத் திருப்புவது மாதிரி அது. குதிரையும் விழும், ஆளும் விழும். விசில் சரியாக ஊதினால் உயிர் தப்பும்.

ஆக, நடுவருக்கு மூன்று வேண்டும். சவாரி தெரியணும், விதி தெரியணும், சொன்ன முடிவில் நிற்கும் தைரியம் வேணும். ஆடுகிற பெண்ணிடம் முதல் இரண்டும் ஓரளவு இருக்கும். மூன்றாவது, பின்னால் ஆள் இருந்தால்தான் வரும்.

சென்னைப் பெண் ஜனனி

அந்தப் பக்கபலம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நம் வீட்டு டி.வி.யில் வரும் கிரிக்கெட்டில் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த ஜனனி கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். கிரிக்கெட் நடுவராக ஆசைப்பட்டார். அப்போது நம் மாநிலத்தில் பெண்களை நடுவராக எடுக்கும் வழக்கமே இல்லை. கேட்டார், காத்திருந்தார், மறுபடியும் கேட்டார். சில வருடம் கழித்துத்தான் வழி திறந்தது. 2018இல் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் நடுவர் தேர்வில் தேறினார். 2020இல் ஜனனியும் மும்பை விருந்தா ராத்தியும் சர்வதேச நடுவர் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். விருந்தா முதலில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர்!

2023 ஜனவரியில் இவர்கள் இருவரும், காயத்ரி வேணுகோபாலனும் ஆண்கள் ஆடும் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் நடுவராக நின்றார்கள். அந்தப் போட்டியில் பெண்கள் நடுவராக நின்றது அதுவே முதல் தடவை. 2025இல் பெண்கள் உலகக் கோப்பையில் 14 நடுவர்களும் பெண்கள்தான். இந்த மூவரும் அதில் இருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது: ஆசை அவர்களுடையது. ஆனால் விதியை மாற்றியதும், தேர்வு வைத்ததும், சின்னப் போட்டியிலிருந்து பெரிய போட்டிக்கு ஏற்றிவிட்டதும் அமைப்புகள். தனி ஒரு பெண்ணின் தைரியத்தை மட்டும் நம்பி விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

நமக்கு இது புதுசா?

இல்லை. கையெழுத்துப் போடவே கூச்சப்பட்டவர்கள் இன்று ஊக்குநராகவும் பிரதிநிதியாகவும் இருந்து லட்சக்கணக்கில் கடன் கணக்குப் பார்க்கிறார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தபோது "இவங்களுக்கு என்ன தெரியும்" என்றவர்கள் உண்டு. உட்கார்ந்த பிறகுதான் பழகியது. கோர்வைச் சேலை நெய்யும் வீடுகளில் கேட்டுப்பாருங்கள். நெய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்துத்தானே பலரும் தறியைக் கற்றார்கள்? நடுவர் வேலையும் அப்படித்தான்.

கபடிக்கு முறைப்படி 6 பேர் வேண்டும்: ஒரு நடுவர், 2 துணை நடுவர்கள், ஒரு ஸ்கோர் எழுதுபவர், அவருக்கு 2 உதவியாளர்கள். ஆறுக்கும் நம்மிடம் ஆள் உண்டு. எங்கள் யோசனை இது:

1. குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் ஸ்கோர் எழுதட்டும். பாடிப் போகிறவருக்கு 30 விநாடிதான். அதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பழகட்டும்.

2. பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரை அழைத்து விதிகளை மைதானத்தில் கோடு போட்டே கற்போம்.

3. முதல் சில ஆட்டங்களுக்குப் புதியவர் பக்கத்தில் அனுபவம் உள்ளவர் நிற்கட்டும்.

4. தன் ஊர்க் குழு ஆடும்போது யாரும் நடுவராக நிற்க வேண்டாம். தென்னேரி ஆட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், அவர்கள் ஆட்டத்துக்குத் தென்னேரிக்காரர். எதிர் வீட்டுக் குடத்துக்கு இதுதான் மருந்து.

5. முடிவு பிடிக்காவிட்டால் மைதானத்தில் வாக்குவாதம் கூடாது. கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுக்கலாம். நடுவரைக் கேலி பேசுகிறவர், யாராக இருந்தாலும், வெளியே போக வேண்டும்.

6. நடுவராகப் போகிறவருக்குப் பஸ் செலவைக் கூட்டமைப்பு தரட்டும். அன்று அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் குழுவில் ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழுவில் யாரை அனுப்பலாம்? அவருக்கு உங்களால் என்ன உதவி செய்ய முடியும்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள்.

இதை எழுதும் முன்பு அந்தத் தறிக்கார அக்காவைப் பார்த்து, பக்கத்து ஊர் ஆட்டத்துக்குப் போகும் யோசனையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "மொதல்ல ஸ்கோர் எழுதறேன் மேடம். விசில் அப்புறம் பாக்கலாம்" என்றார்.

பெயரை எழுதிக்கொண்டு வந்துவிட்டோம்.