பந்தோடு பள்ளிக்கு

ஏழ்மையான குடியிருப்புகளில் பிள்ளைகளின் படிப்பை மேம்படுத்தவும் ஊர் வழக்கங்களை மாற்றவும் விளையாட்டைப் பயன்படுத்தும் முயற்சிகளில் கால்பந்துக்குத் தனியிடம் உண்டு. ஒரு பந்தும் ஒரு பொட்டலும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால், மட்டையும் கையுறையும் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் அதில் சேர முடிகிறது; மதுரையை அடுத்த பரவை தொடங்கி வைகைச் சமவெளி நெடுகிலும், வற்றிய கண்மாய்களே அதற்குப் போதுமான மைதானங்கள்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 2016இல் உருவான சேது எஃப்.சி. மகளிர் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அவ்வணியில் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன், கடலூரிலிருந்து வந்து இந்திய அணியில் இடம்பெற்றவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் பெற்றவர். 2004 சுனாமிக்குப் பிறகு, ஆதரவிழந்த சிறுமிகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்து, படிப்புக்கும் துணைநின்ற ஊரும் அதே கடலூர்தான்.

ஆட்டம் எப்படி வேலையாக மாறுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். மாநில, தேசியப் போட்டிகளில் பெறும் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் இடம் பெறவும், பின்னர் அரசுப் பணிக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவும் உதவுகிறது. ஆனால் பணிக்குரிய கல்வித்தகுதி இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழால் பெரும்பயன் இல்லை. அணியில் இடம் கிடைக்காமல் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கோ படிப்பு ஒன்றே கைகொடுக்கும். ஆகவே மாலைப் பயிற்சியோடு பாடம் சொல்லித்தரும் நேரத்தையும், பள்ளி வருகையைக் கவனிக்கும் ஆளையும் சேர்க்காத திட்டம், எத்தனை கோப்பைகளை வென்றாலும், பாதி வேலையையே செய்கிறது.

மனப்போக்கை மாற்ற ஆட்டவிதிகளையே திருத்திய முயற்சியும் உண்டு. 1994 உலகக் கோப்பையில் தன் அணிக்கு எதிராகவே கோல் விழக் காரணமான கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில் மெடெயின் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் அந்நகரில் யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய அமைதிக்கான கால்பந்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடினர், நடுவர் கிடையாது, அணியின் முதல் கோலைப் பெண்ணே அடிக்க வேண்டும். இதிலிருந்து வளர்ந்த முறையில், விதிகளை இரு அணியினரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்வதும், ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து யார் நேர்மையாக ஆடினர் என்று பேசிப் புள்ளி வழங்குவதும் ஆட்டத்தின் பகுதிகளாயின. பையன்கள் பந்தைப் பெண்ணிடம் தள்ளினால்தான் அணி முன்னேறும் என்ற அந்த விதி, பல சொற்பொழிவுகளை விட வலுவானது.

நம் ஊர்ப்புறங்களில் பூப்பெய்தியவுடன் பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. பெண் பயிற்சியாளர், உடைமாற்ற ஒரு மறைவிடம், கழிப்பறை, இருட்டுவதற்குள் வீடு சேர ஒரு பேருந்து ஆகியவை இருந்தால் பல பெற்றோரின் மறுப்பு தளரும். பந்து வாங்குவதற்கு முன்பே இவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.