தங்கியிருந்து காணும் கலை

2019 ஜனவரியில் கொழும்பில் நடைபெற்ற 'கொழும்புஸ்கோப்' கலை விழா, கடலின் மாற்றத்தையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் எரியூட்டப்பட்ட கொம்பனித்தெரு றியோ திரையரங்கக் கட்டடத் தொகுதியே அதன் பிரதான களமாயிற்று. விழா ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கலைஞர் வதிவிடத் திட்டம் அவ்வாறானதன்று. கலைஞர் ஓரிடத்தில் வாரக்கணக்கில் தங்கி, அங்குள்ளோருடன் பழகியே படைக்கிறார்.

அதற்குப் பேலியகொடை மிகவும் பொருத்தமானது. களனி கங்கை கடலில் கலக்குமிடம் அருகில். வடக்கே, சிறிது சிறிதாக நிரப்பப்பட்டுவரும் முத்துராஜவெல சதுப்பு நிலம். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, அது ஏற்றிவந்த சுமார் 1680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் பெருமளவு கடலில் கலந்தபோது, மீன் வாங்குவோர் தயங்கினர். கரையில் ஒதுங்கிய மணிகளைப் படம்பிடித்தோர் பலர். மத்திய மீன் சந்தையில் அதிகாலையில் பெட்டிகளை இறக்குவோரிடம் அந்நாட்களைப் பற்றிக் கேட்பதற்குத்தான் யாராவது இங்கு வந்து தங்க வேண்டியுள்ளது.